மலையில் மட்டும் பாடும் பாட்டு

மாசெபிலிக்குச் சமைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி அவளைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் புகழ்ச்சியாகத்தான் இருக்கும், குறை சொல்ல அப்புறம் எனக்கு இடம் கிடைக்காது. அவள் கிண்டும் சோளமாவுக் களியைக் கோழிகூட யோசித்துத்தான் கொத்தும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அடுப்பு என் பொறுப்பு, மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் அவள் பொறுப்பு என்று ஆண்டவர் பிரித்து வைத்தாரே, அது லெரோலே மலையடிவாரத்துப் பிள்ளைகள் செய்த புண்ணியம்.

அவளுக்கு வாய்த்தது குரல். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தாள். அந்த ஊராரும் மலைநாளில் இதே மலையேறிப் பாடுகிறவர்கள்தான். வந்த மூன்றாம் வாரம் மலைநாள். பாட்டை எடுத்துக் கொடுக்கிற பெரியவர் பாதி மலையில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். மேலே கூடியிருந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. புது மருமகள் மாமனார் முன்னால் நிமிர்ந்து பார்ப்பதே தப்பு என்று இருந்த காலம் அது. இவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் கேட்காமல், வாயைத் திறந்தாள். நான் அவளுக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்றிருந்தேன். அந்த முதல் சுரம் காதில் விழுந்தபோது என் தோளில் இருந்த போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால், மேய்ச்சல் நிலத்துக்காக நடந்த சண்டையில் வெள்ளைக்காரக் குடியேறிகளான போயர்கள் எங்கள் மலையைத் துப்பாக்கியோடு சுற்றி வளைத்தார்கள். மேலே எங்கள் முன்னோர், ஆடு மாடு பிள்ளை குட்டியோடு நாற்பத்தொரு நாள். ஊற்று வற்றிவிட்டது. கடைசி வாரத்தில் மாட்டின் மூக்கை நக்கின பிள்ளைகள் உண்டு என்பார்கள். அப்போது ஒரு உபதேசியார் ஏழு சரணத்தில் ஒரு ஜெபம் கட்டினார், எல்லாரும் பாடினார்கள், மறுநாள் விடியற்காலையில் மழை வந்தது. மழை வந்ததும் சண்டைக்காரன் கூடாரம் சேறாகி அவன் வண்டியைக் கட்டிக்கொண்டு போனான். இறங்கி வந்தவர்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். மலையில் கேட்டதை மலையில்தான் கேட்போம், வருஷத்தில் ஒரு நாள், வேறெங்கும் பாடமாட்டோம்.

பாடமாட்டோம் என்றால் பாடமாட்டோம். முணுமுணுக்கக்கூடாது, வாய்விட்டு ஒத்திகை கூடாது. நான் புதுப்பெண்ணாக இருந்தபோது அடுப்படியில் தெரியாமல் முதல் அடியை இழுத்துவிட்டேன். என் மாமியார் அகப்பையாலேயே முதுகில் ஒன்று போட்டார். வார்த்தையைப் பேச்சாகச் சொல்லலாம், எழுதலாம், ராகம் மட்டும் மலையைவிட்டு இறங்கக்கூடாது. பன்னிரண்டு வயதில் சபையில் திடப்படுத்தல் வாங்கிய பிறகுதான் ஒருவரை மலைக்குக் கூட்டிப்போவார்கள். வருஷா வருஷம் போய், எடுத்துக் கொடுப்பவரைத் தொடர்ந்து பாடிப் பாடித்தான் படியும். முழுசாகப் படிய ஏழெட்டு வருஷம் பிடிக்கும். பிள்ளைகள் அன்று கீழே சோற்றுப் பானை பக்கத்தில் கிடப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட அந்தப் பாட்டைக் கேட்டதில்லை.

ஆண்பிள்ளைகள் எல்லையைத் தாண்டிச் சுரங்கத்துக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் தலைநகர் மசேருவில் துணி தைக்கும் ஆலைக்குப் போனார்கள். மாசெபிலியின் மகளும் அப்படிப் போனவள்தான். போன வருஷம் மலையில் பதினோரு பேர். ஏழாம் சரணத்தில் மாசெபிலியும் இன்னும் ரெண்டு பேரும்தான் மிச்சம், மற்றவர்கள் வாயசைத்தோம். நானும் வாயசைத்தவள்தான், மறைக்க என்ன இருக்கிறது.

ஜூன் மாதம் அவள் தொண்டையில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்று "மாத்தூசோ" என்று என்னைக் கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் என் பெயர் என்று தெரிந்துகொண்டேன். நான் அழுதேன். அவள் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், பசிக்கிறது என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

அக்டோபரில் சபைக் கமிட்டி கூடியது, என்னையும் சேர்த்து ஒன்பது பேர். தலைவர் பாஃபோலி சுரங்க ஆபீசில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர், எதையும் முடித்துவைத்துக் கையைத் துடைத்துக்கொள்ளாமல் தூக்கம் வராது அவருக்கு. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல மாசெபிலி குரல் இருக்கு. அஞ்சு வருஷம் முன்னால மலைமேல நின்னு பிடிச்சது. ஏழு சரணமும் முழுசா இருக்கு. பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி மலைக்கு ஏத்திடலாம். வர்ற மலைநாளுக்கு மாவட்ட அதிகாரி வேற வர்றார்."

"கேட்டுப் பாத்தீங்களா ந்தாத்தே?" என்று போதகர் கேட்டார், ஐயா என்கிற மரியாதையோடு.

"என்ன பேசறீங்க! கீழ வச்சு எப்படிக் கேக்கறது? வாக்கு இருக்கே!"

அஞ்சு வருஷமாகப் பையில் வைத்துக்கொண்டு ஒருதரம்கூடக் கேட்காத மனுஷன். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

மாசெபிலி பிள்ளைகளின் சிலேட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். கிறுகிறுவென்று எழுதி என்னிடம் நீட்டினாள். நான் சத்தமாகப் படித்தேன். "அந்தக் குரல் அன்னிக்கு வேண்டிக்கிச்சு. அன்னிக்கே ஆண்டவர் கேட்டுட்டார். இந்த வருஷம் வேண்டறது யாரு? என் வகுப்புப் பிள்ளைங்க பாடட்டும்."

"பிள்ளைங்களா!" என்றார் பாஃபோலி. "ராகம் கேட்டதே இல்ல அதுங்க. பாடிக் காட்ட உனக்குக் குரல் இல்ல, இருந்தாலும் கீழ பாடக்கூடாது. எப்படிம்மா சொல்லிக் குடுப்ப?"

அவள் பதிலுக்கு வலது கையைத் தூக்கி மூடினாள். பிறகு சாய்த்தாள். பிறகு தட்டையாக்கினாள். தோ, ரே, மி, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை. இந்த நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் கைச்சுரம் தெரியும். ஆனால் அதை வைத்து ஒரு முழுப் பாட்டையே சத்தமில்லாமல் கற்றுத் தருவதா? கமிட்டியில் சிரிப்பு எழுந்தது.

கடைசியில் போதகர் நடுவில் ஒரு வழி சொன்னார். மலைநாளில் முதலில் பிள்ளைகள், திடப்படுத்தல் ஆகாவிட்டாலும் இந்தத் தடவை ஏறட்டும். பாட்டு நடுவில் நின்றுபோனால் ஸ்பீக்கர். அப்படி நின்றுவிட்டால் இனி எல்லா வருஷமும் ஸ்பீக்கர்தான், மறுபேச்சு இல்லை. அதற்கு முன்னால் பிள்ளைகளே வேண்டாம், நேராக ஸ்பீக்கர் போதும் என்று நினைப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். ஒன்பதில் நான்கு கைதான், பிள்ளைகள் தப்பினார்கள். அதில் ஒன்று என் கை. அவள் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு அவளுக்கு எதிராகவே தூக்கினேன்.

ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"கோவமாடி? உன் குரலை ஒரு தடவையாவது மறுபடி கேக்கணும்னு தோணிச்சு எனக்கு. அவ்வளவுதான். அதுல என்ன தப்பு?"

அவள் நின்றாள். என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் காற்றாகச் சொன்னாள். "அது போயிடுச்சு மாத்தூசோ. நான் விட்டுட்டேன். நீ ஏன் பிடிச்சுக்கிட்டிருக்க?"

முப்பத்தெட்டு பிள்ளைகள். கிறிஸ்துமஸ் லீவு போக நாலு மாதம். என் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வகுப்பு முழுசாகத் தெரியும். முதல் வாரம் நான் வேடிக்கை பார்த்துச் சிரித்தேன். வாத்தியாரம்மா கையை மூடுவாள், முப்பத்தெட்டு கை மூடும். அவள் கை தொங்கும், முப்பத்தெட்டு கை தொங்கும். விரல் மேலே காட்டும், முப்பத்தெட்டு விரல். குதிகாலால் தாளம். வாய் மட்டும் பூட்டு. காலையில் பேச்சாகச் சரணம் சொல்லுவார்கள், மத்தியானம் கையால் ராகம் போவார்கள். பாடவேண்டும் என்கிற ஆசை அந்தப் பிள்ளைகளின் கழுத்தில் புடைத்து நிற்கும். கனனேலோ என்று ஒன்பது வயதுப் பெண், ஒரு நாள் தாங்கமுடியாமல் உதட்டை ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டு கை காட்டியது. ஜனவரி கடைசியில் ஒரு நாள், ஏழு சரணமும் விடாமல், ஒரு கைகூடத் தப்பாமல் போனதைப் பார்த்தேன். குதிகால் சத்தமும் ஈயின் சத்தமும் தவிர ஒன்றும் இல்லை. களி அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். அடேயப்பா, அப்படி ஒரு காட்சியை என் ஐம்பத்திரண்டு வயதில் நான் கண்டதில்லை.

நாலாம் சரணத்தின் பொருளில் மட்டும் வண்டி நின்றது. அந்தச் சரணம் இப்படிப் போகும்: "கீழே நிற்பவனுக்கும் நாக்கு உண்டு, ஆண்டவரே. அவன் குவளையிலும் பெய்யும்."

ரோரிசாங் என்று ஒரு வாலு. பத்து வயது. எழுந்து நின்று கேட்டான். "டீச்சர், கீழ நிக்கிறது யாரு? நம்மளச் சுட வந்தவன்தானே? அவனுக்கு எதுக்கு மழை? நாக்கு வறண்டு சாகட்டும்னு விட்டுட வேண்டியதுதானே?"

"ஆமா! ஆமா!" என்று வகுப்பே கத்தியது.

மறுநாள் அவள் வகுப்பை ரெண்டாகப் பிரித்தாள். பெஞ்சுமேல் ஏறினவர்கள் மலை, தரையில் உட்கார்ந்தவர்கள் போயர். காலையிலிருந்து மத்தியானம்வரை யாருக்கும் தண்ணீர் இல்லை. பிப்ரவரி வெயில். என் அடுப்படி ஜன்னலில் வந்து நாக்கை நீட்டின பிள்ளைகளை விரட்டி விரட்டி என் தொண்டை போனது. பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு குவளைத் தண்ணீரை மலைக்காரர்களிடம் கொடுத்தாள். ரோரிசாங்தான் தலைவன். வாங்கினான், கீழே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான், மடக்மடக்கென்று குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினான். அவன் பக்கத்துப் பிள்ளைகளுக்கே ஒரு சொட்டு இல்லை. அப்புறம் பாருங்கள் சண்டையை! மலையே ரெண்டாக உடைந்து அவன் முடியைப் பிடித்தது.

அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. பலகையில் எழுதினாள். நான் ஜன்னல் வழியாகப் படித்தேன். "நம் மண், நம் மாடு, நம் ராஜா என்று எல்லா நாட்டுக்காரனும் கேட்பான். இந்த ஒரு அடியால்தான் நம்முடையது ஜெபம். இது இல்லாவிட்டால் வெறும் போர்ச்சத்தம். மேலே இருந்தவர்கள் நாக்கு வறண்டபோது இதைச் சொன்னார்கள்."

ரோரிசாங் அதை ரெண்டு தடவை படித்தான். என்னிடம் வந்து வாளியை வாங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதலில் ஊற்றினான். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் தூங்கியிருக்கிறேன். அன்று வெங்காயம் நறுக்காமலே என் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிறு, மலைநாள், எங்கள் நாட்டில் அப்போதுதான் குளிர் தொடங்கும். காலையில் பல் கிட்டுகிற குளிர். பிள்ளைகள் போர்வையை ஊசி குத்திக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். ஸ்பீக்கர் மட்டக்குதிரைமேல் ஏறியது. மாவட்ட அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. மேலே, வற்றின ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில் பெட்டியை வைத்து, பாஃபோலி அதன்மேல் போனை வைத்து, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். நானும் அந்தக் கட்சிதானே!

போதகர் ஜெபம் பண்ணினார். ஆண்கள் புல்தொப்பியைக் கழற்றினார்கள். மாசெபிலி பிள்ளைகள் முன்னால் வந்து நின்று, வலது கையை மூடி உயர்த்தினாள். தோ.

முப்பத்தெட்டு வாயும் திறந்தன. முப்பத்தெட்டு தோ வந்தது.

அப்போதுதான் புரிந்தது. கடவுளே, நாலு மாதமாக இது எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லையே! மூடின கை ‘தோ’ என்றுதான் சொல்லும், எந்த உயரத்துத் தோ என்று சொல்லாது. அதைக் குரல்தான் கொடுக்கவேண்டும். சத்தமில்லாமல் படித்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் தன் மண்டைக்குள் தனக்கென்று ஒரு தோவை வைத்து வளர்த்திருக்கிறது. கட்டையாக ஒன்று, கீச்சென்று ஒன்று, நடுவில் முப்பத்தாறு. சந்தையில் கூடை கவிழ்ந்து கோழிகள் கத்தின மாதிரி இருந்தது. அதிகாரியோடு வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

மாசெபிலியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அந்த நொடியில்தான் உறைத்திருக்கிறது. முகம் சாம்பலாகிவிட்டது. அவளிடம் கொடுக்கக் குரல் இல்லை.

எனக்கு அந்தத் தோ தெரியும். இருபத்தெட்டு வருஷம் கேட்டவள். நான் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தேன். அவள் இடது கையை என் பக்கம் நீட்டினாள். உள்ளங்கை. நில் என்று அர்த்தம். பிறகு அதே கையைத் தன் காதுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள்.

வலது கை மூடினபடியே நின்றது. ரேக்குப் போகவில்லை.

"முடிஞ்சுது," என்று பாஃபோலி முணுமுணுத்தார். கட்டைவிரல் இறங்கியது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "பொறுங்க ந்தாத்தே."

"என்ன பொறுக்கறது? கேக்கலையா உனக்கு? நீயும்தானே கை தூக்கின!"

"தூக்கினேன். இப்ப பொறுங்கன்னு சொல்றேன். பாட்டு இன்னும் நிக்கலையே!"

நிற்கவில்லை. பிள்ளைகள் விடவில்லை. வாத்தியாரம்மா கையை மாற்றாதவரை சுரத்தை மாற்றக்கூடாது என்றுதான் நாலு மாதம் பழகியிருக்கிறார்கள். மூச்சு தீர்ந்தவர்கள் இழுத்து மறுபடி பிடித்தார்கள். அவள் காதில் கை வைத்ததைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கனனேலோ பக்கத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, தன்னுடையதைக் கொஞ்சம் இறக்கினாள். அந்தப் பெண் கொஞ்சம் ஏற்றினாள். ரெண்டு பேரும் ஒட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் ஒருவன் தேடித் தேடி வந்து சேர்ந்தான். கீச்சுக் குரலோடு தனியாக உச்சியில் நின்ற ரோரிசாங், கண்ணை இறுக மூடிக்கொண்டு, படி படியாக இறங்கி வந்தான். பின்வரிசையில் கட்டைக்குரல் நாலு பேர் மேலே ஏறி வந்தார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம், மூன்று இருக்கலாம். சத்தம் குறையக் குறைய, இல்லை, சத்தம் குறையவில்லை, இரைச்சல் மட்டும் வடிந்தது. முப்பத்தெட்டு இருபதாகி, பத்தாகி, மூன்றாகி, கடைசியில் ஒருத்தி மட்டும் பிடிவாதமாக ஒரு இழை தள்ளி நின்றாள். அவளும் வந்தாள்.

ஒரே தோ.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் அதைக் கொடுக்கவில்லை, அது மேலிருந்தும் இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காது கொடுத்துத் தேடிக் கண்டுபிடித்தது. மாசெபிலி இன்னும் ஒரு மூச்சு அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு கையைச் சாய்த்தாள்.

ஏழு சரணம். நாலாவது வந்தபோது, யாரும் சொல்லித்தராமல், பிள்ளைகள் போயர் கூடாரம் போட்டிருந்த சமவெளிப் பக்கம் திரும்பி நின்றார்கள். இப்போது அங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்ணைகள் இருக்கின்றன, டிராக்டர் ஓடுகிறது. அவன் குவளையிலும் பெய்யும் என்று அந்தப் பக்கம் பார்த்துப் பாடினார்கள். நாங்கள் கூடச் சேர்ந்து பாடவேண்டும், அதுதான் வழக்கம். ஒருவருக்கும் வாய் வரவில்லை. எதிரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றோம். என் கையில் இன்னும் பாஃபோலியின் மணிக்கட்டு இருந்தது, அவர் அதை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. ஜெபத்துக்குக் கை தட்டமாட்டோம். காற்று மட்டும் புல்லில் ஓடியது.

ரோரிசாங் வரிசையை விட்டு வந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "டீச்சர், இதுதானா அந்தப் பாட்டு? இப்படித்தானா இருக்கும்?"

முப்பத்தெட்டு முகமும் அவளையே பார்த்தன. அவர்கள்தான் அதைக் கேட்டதே இல்லையே! மாசெபிலி வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை, அழுதுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

இருபத்தெட்டு வருஷம் நான் கேட்ட பாட்டு இதைவிட மூன்று சுரம் மேலே தொடங்கும். இந்த உயரத்தில் இந்த மலையில் யாரும் பாடி நான் கேட்டதில்லை.

"ஆமாண்டா," என்றேன். "இதுதான்."

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "அப்ப இனி ஒரு வருஷம் பாடவே கூடாதா?"

"கூடாதுடா கண்ணு. கீழ இறங்கினா கூடாது."

அவன் யோசித்தான். திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். பிறகு போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இறங்கலேன்னா?"

கனனேலோ உட்கார்ந்தாள். முப்பத்தெட்டும் உட்கார்ந்துவிட்டது.

மாவட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். போதகர் பாஃபோலியைப் பார்த்தார். பாஃபோலி போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றார். மாசெபிலி முகத்தைப் போர்வை நுனியால் துடைத்துவிட்டுக் கையை மூடி உயர்த்தினாள். தோ உடனே வந்தது. இந்தத் தடவை நாங்களும் பாடினோம்.